மந்தமான ஒரு சேவை முழுத் தளத்தையும் முடக்காமல் காப்பது எப்படி? சர்க்கியூட் பிரேக்கர்: ஓர் எளிய விளக்கம்

ஒரு விற்பனைத் தளத்தில் ஏதோ ஒரு பொருளின் பக்கத்தைத் திறக்கிறோம். கண்ணுக்குத் தெரிவது ஒரே பக்கம்தான். ஆனால் அதை உருவாக்கித் தரும் வலைச் சர்வர், விலையை ஒரு சேவையிடமும், கையிருப்பை இன்னொரு சேவையிடமும், வாங்கியவர்களின் கருத்துகளை மூன்றாவதிடமும், “இவற்றையும் பாருங்கள்” என்ற பரிந்துரைப் பட்டியலை நான்காவதிடமும் கேட்டு வாங்கித் தொகுக்கிறது. இந்த நான்கில் முக்கியத்துவம் குறைந்தது பரிந்துரைப் பட்டியல்தான். அது இல்லாவிட்டாலும் பொருளை வாங்கிவிடலாம். இருந்தும் அந்தப் பரிந்துரைச் சேவை மந்தமானால் ஒட்டுமொத்தத் தளமும் நின்றுபோகக்கூடும். ஏன் அப்படி நேர்கிறது என்று புரிந்துகொண்டால்தான், சர்க்கியூட் பிரேக்கர் என்ற உத்தி எதற்காகத் தோன்றியது என்பது விளங்கும்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

பல வலைச் சர்வர்கள், உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு த்ரெட்டை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையைக் கவனிக்கும் இயங்கு இழையை, ஒதுக்குகின்றன. பதில் அனுப்பி முடிக்கும்வரை அந்த த்ரெட் வேறு வேலைக்குப் போகாது. ஜாவா உலகில் பெரிதும் புழங்கும் டாம்கேட் சர்வரில், நாமாக எதையும் மாற்றாவிட்டால், இத்தகைய த்ரெட்டுகளின் உச்ச எண்ணிக்கை 200. வினாடிக்கு 100 கோரிக்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றும் 0.2 வினாடியில் முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கணத்தில் எண்ணிப் பார்த்தாலும் சராசரியாக 20 த்ரெட்டுகளே வேலையில் இருக்கும். வருகையின் வேகத்தை ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கை கிடைத்துவிடும் என்ற இந்தக் கணக்குக்கு ஜான் லிட்டில் 1961-ல் நிறுவல் அளித்தார். அதனால் அது லிட்டில் விதி என்றே அழைக்கப்படுகிறது.

இப்போது பரிந்துரைச் சேவை பதில் தர 30 வினாடி எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். அதே பெருக்கலைச் செய்தால் 3,000 த்ரெட்டுகள் தேவைப்படும், இருப்பதோ 200. வினாடிக்கு 100 வீதம் வந்தால் இரண்டே வினாடியில் அத்தனையும் நிரம்பிவிடும். அதன்பின் வரும் கோரிக்கை, பரிந்துரையே தேவைப்படாத உள்நுழைவுப் பக்கத்துக்கானதாக இருந்தாலும், வரிசையில் நிற்க வேண்டியதுதான். விலைச் சேவையும் கையிருப்புச் சேவையும் நலமாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கேட்பதற்கு ஒரு த்ரெட்டும் மிச்சமில்லை. நம் சர்வரை அழைக்கும் மற்ற சர்வர்களும் நமக்காகக் காத்திருக்கத் தொடங்கும். அவற்றின் த்ரெட்டுகளும் நிரம்பும். ஒன்றின் கோளாறு அடுத்ததைத் தள்ளி, அது அதற்கடுத்ததைத் தள்ளி வீழ்த்தும் இந்தத் தொடர்வீழ்ச்சியில், முதலில் விழுந்தது எது என்று கண்டுபிடிப்பதற்கே நேரம் பிடிக்கும்.

இங்கே தொடக்கநிலையில் இருப்பவர்கள் பலரும் எதிர்பார்க்காத ஓர் உண்மை இருக்கிறது. முற்றிலும் நின்றுபோன சேவையைவிட மந்தமான சேவையே ஆபத்தானது. சேவையின் நிரல் நின்றுபோய், அது ஓடிய கணினி மட்டும் இயங்கிக்கொண்டிருந்தால், “இங்கே யாரும் இல்லை” என்று இயங்குதளமே சில மில்லிவினாடிகளில் இணைப்பை மறுத்துவிடும். நம் த்ரெட் உடனே விடுபடும். கணினியே பிணையத்திலிருந்து காணாமல் போயிருந்தால் நிலைமை மோசம்: இணைப்பைக் கோரும் பொட்டலத்தை லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, இயல்பான அமைப்பில், ஒரு நிமிடத்துக்கும் மேலான பிறகே கைவிடும். எல்லாவற்றிலும் மோசமானது, இணைப்பை ஏற்றுக்கொண்டுவிட்டுப் பதில் மட்டும் தராமல் இருக்கும் சேவை. நோட்.ஜேஎஸ் போன்ற, கோரிக்கைக்கு ஒரு த்ரெட் என்ற முறையைப் பின்பற்றாத சர்வர்களும் இதற்கு விலக்கல்ல. அங்கே த்ரெட்டுகளுக்குப் பதிலாக நினைவகமும் திறந்த இணைப்புகளும் குவியும். சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான்.

டைம்அவுட்டுக்கு நினைவு இல்லை

இதற்கு முதல் மருந்து டைம்அவுட்: “இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன், பிறகு கைவிடுவேன்” என்று அழைப்பவர் வகுக்கும் வரம்பு. இது இல்லாமல் சர்க்கியூட் பிரேக்கரைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. வருத்தத்துக்குரிய செய்தி என்னவென்றால், நாம் அன்றாடம் பயன்படுத்தும் பல நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்), கேட்டால் ஒழிய டைம்அவுட்டை வைப்பதில்லை. பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் நூலகமும் கோ மொழியில் வலைக் கோரிக்கைகளை அனுப்பும் இயல்பான எச்.டி.டி.பி. கிளையன்ட்டும் நாம் வரம்பைக் குறிப்பிடாவிட்டால் முடிவின்றிக் காத்திருக்கக் கூடியவை. இந்தக் கட்டுரையைப் படித்து ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்ய முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், பிரேக்கரை விட்டுவிட்டு, வெளியே போகும் ஒவ்வோர் அழைப்புக்கும் டைம்அவுட் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனால் டைம்அவுட் மட்டும் போதாது. நம் எடுத்துக்காட்டில் ஒரு வினாடி என்று வரம்பு வைத்தால், 3,000 என்ற எண் ஏறத்தாழ 100 ஆகக் குறையும். சர்வர் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அதன் பாதி வலிமை, பதில் வரப்போவதில்லை என்று தெரிந்த அழைப்புகளுக்காகக் காத்திருப்பதிலேயே கழியும். ஒவ்வொரு பயனரும், கிடைக்கப்போகாத ஒரு பட்டியலுக்காக ஒரு வினாடி வீணாகக் காத்திருப்பார். அந்தப் பக்கம், ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் பரிந்துரைச் சேவையின் மேல் வினாடிக்கு 100 கோரிக்கைகள் தொடர்ந்து விழுந்துகொண்டே இருக்கும். அழைப்பவர் கைவிட்டுவிட்டார் என்பது பல நேரங்களில் அந்தச் சேவைக்குத் தெரியாது. யாரும் படிக்கப்போகாத பதிலை அது பாடுபட்டுத் தயாரித்துக்கொண்டிருக்கும்.

இதோடு மறுமுயற்சிகளும் சேர்ந்தால் சுமை பெருக்கலில் ஏறும். ஒன்றையொன்று அழைக்கும் மூன்று அடுக்குகள் இருந்து, தோல்வி கண்டால் ஒவ்வோர் அடுக்கும் மொத்தம் மூன்று முறை முயலும் என்று நிரல் எழுதப்பட்டிருந்தால், பயனரின் ஒரு சொடுக்கு அடியில் இருக்கும் சேவையை 27 முறை தட்டும்.

இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது ஒரே குறைதான். நூறாவது அழைப்பும், முந்தைய 99 அழைப்புகள் தோற்றதை அறியாமலேயே புறப்படுகிறது. டைம்அவுட் ஓர் அழைப்பின் சேதத்துக்கு எல்லை கட்டுகிறது. ஆனால் அதற்கு நினைவு கிடையாது. அந்த நினைவைத் தருவதுதான் சர்க்கியூட் பிரேக்கர்.

மூன்று நிலைகள்

பெயர் மின்சாரத்திலிருந்து வந்தது. மின்சுற்றில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால், கம்பி சூடேறித் தீப்பிடிக்கும் முன் பிரேக்கர் சுற்றைத் துண்டித்துவிடும். ஃபியூஸும் அதையே செய்யும். ஆனால் ஃபியூஸ் உருகினால் மாற்ற வேண்டும், பிரேக்கரை மீண்டும் போட்டுக்கொள்ளலாம். மென்பொருளில் இந்த உத்தியைப் பரவலாக அறியச் செய்தவர் மைக்கேல் நைகார்ட். அவருடைய நூல் 2007-ல் வெளிவந்தது. 2012-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஹிஸ்ட்ரிக்ஸ் என்ற தன் நூலகத்தைத் திறமூலமாக வெளியிட்டபின் இது எங்கும் பரவியது. ஹிஸ்ட்ரிக்ஸின் வளர்ச்சி 2018-ல் நிறுத்தப்பட்டு, அது பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது. ஜாவாவில் இன்று புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் ரெசிலியன்ஸ்4ஜே நூலகத்தை எடுக்கிறார்கள். டாட்நெட்டில் பாலி, நோட்.ஜேஎஸ்ஸில் ஒப்பாஸம் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன.

நிலைகளின் பெயர்கள் முதலில் குழப்பும். கதவை நினைத்துக்கொண்டால், திறந்திருந்தால் போகலாம், மூடியிருந்தால் போக முடியாது என்று தோன்றும். இங்கே தலைகீழ். மின்சுற்று மூடியிருந்தால்தான், அதாவது கம்பி எங்கும் அறுபடாமல் வளையம் முழுமையாக இருந்தால்தான், மின்சாரம் பாயும். ஆகவே மூடிய நிலை என்பது நலமான நிலை. திறந்த நிலை என்பது துண்டிக்கப்பட்ட நிலை. கண்காணிப்புப் பலகையில் “திறந்தது” என்ற சொல்லைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

மூடிய நிலையில் பிரேக்கர் எந்த அழைப்பையும் தடுப்பதில்லை. ஒவ்வொன்றும் வென்றதா தோற்றதா என்று மட்டும் குறித்துக்கொண்டு வருகிறது. தோல்விகள் நாம் வகுத்த அளவைத் தாண்டியதும் திறந்த நிலைக்கு மாறுகிறது. அந்த நிலையில் பரிந்துரைச் சேவைக்கான அழைப்பு பிணையத்துக்கே போகாது. பிரேக்கர் நம் சர்வரின் நினைவகத்தில் இருக்கும் ஒரு மாறியைப் பார்த்துவிட்டு, காத்திருப்பு ஏதுமின்றி, “இப்போது முடியாது” என்று பிழையைத் திருப்பிவிடும். 30 வினாடி பிடித்திருந்த த்ரெட் இப்போது கணப்பொழுதில் விடுபடுகிறது. திணறும் சேவைக்கும் மூச்சுவிட இடைவெளி கிடைக்கிறது.

குறித்த நேரம் கழிந்ததும் பிரேக்கர் பாதி திறந்த நிலைக்கு வருகிறது. வீட்டிலிருக்கும் மின் பிரேக்கரை ஒருவர் கையால் போட வேண்டும். மென்பொருள் பிரேக்கரோ தானே சோதித்துப் பார்க்கும். ஒரு சில அழைப்புகளை மட்டும் வெள்ளோட்டமாக அனுப்பும். அவை வென்றால் சுற்று மூடப்பட்டு வழக்கமான ஓட்டம் திரும்பும். தோற்றால் மீண்டும் திறந்து, காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

இந்த வெள்ளோட்டத்தின் அளவு சிறியதாக இருப்பது மிக முக்கியம். இப்போதுதான் எழுந்த சேவையின் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) காலியாக இருக்கும், தரவுத்தள இணைப்புகள் இன்னும் உருவாகியிருக்காது. காத்திருந்த கூட்டம் முழுவதையும் ஒரே கணத்தில் அதன் மேல் விட்டால் அது மறுபடி விழும். அதுபோலவே, நம் தரப்பில் 50 சர்வர்கள் இருந்து, அவற்றின் பிரேக்கர்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திறந்திருந்தால், சோதனை அழைப்புகளும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். காத்திருப்பு நேரத்தில் சற்றே தற்செயலான கூட்டல் கழித்தலைச் சேர்த்துவிட்டால் அவை சிதறிவிடும்.

எப்போது திறப்பது?

தொடர்ந்து ஐந்து தோல்வி கண்டால் திற என்பது எளிய விதி. ஆனால் நூற்றுக்கு 60 அழைப்புகள் தோற்கும் சேவையில்கூட ஐந்து தோல்விகள் அடுத்தடுத்து வருவதற்குள் நடுவே ஒரு வெற்றி வந்து எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிடலாம். சுற்று திறப்பது தள்ளிப்போகலாம். அதனால் பெரும்பாலான நூலகங்கள் சதவீதத்தைக் கணக்கிடுகின்றன. ஹிஸ்ட்ரிக்ஸின் இயல்பான அமைப்பு இப்படி இருந்தது: கடந்த 10 வினாடிகளில் குறைந்தது 20 அழைப்புகள் நடந்திருந்து, அவற்றில் 50 சதவீதம் தோற்றிருந்தால் திற, 5 வினாடி கழித்து ஓர் அழைப்பை விட்டுப் பார். ரெசிலியன்ஸ்4ஜேயின் இயல்பு அமைப்பில் கடைசி 100 அழைப்புகளை வைத்துக் கணக்கு. 50 சதவீதம் தோற்றால் திறந்து, 60 வினாடி காத்திருந்து, 10 அழைப்புகளைச் சோதனைக்கு அனுமதிக்கும்.

குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற நிபந்தனையைச் சிலர் தேவையற்றதென்று நினைத்துக் குறைத்துவிடுகிறார்கள். நடந்தது இரண்டே அழைப்புகள், அதில் ஒன்று தோற்றது என்றால் தோல்வி 50 சதவீதம்தான். அதை நம்பிச் சுற்றைத் திறப்பது, வந்து போன ஒரு தும்மலுக்காகப் படுக்கையில் கிடப்பதற்குச் சமம். மாறாக, மணிக்குச் சில அழைப்புகளே நடக்கும் சேவைக்கு 100 என்ற குறைந்தபட்சத்தை வைத்தால் பிரேக்கர் தேவையான நேரத்தில் இயங்காது. எண்கள் உங்கள் போக்குவரத்தின் அளவிலிருந்து வர வேண்டும். இயல்பு அமைப்பு ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே.

எதைத் தோல்வி என்று எண்ணுவது என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். இணைப்பு மறுக்கப்படுவது, டைம்அவுட், சர்வர் பக்கப் பிழையைக் குறிக்கும் 500, 502, 503, 504 என்ற எண்கள் கொண்ட பதில்கள் ஆகியவை சேவையின் நலக்குறைவைக் காட்டுபவை. அவற்றை எண்ண வேண்டும். 404 அப்படியல்ல. “நீங்கள் கேட்டது இங்கே இல்லை” என்று சரியாகச் சொல்லும் சேவை நலமாகவே இருக்கிறது. 400, 401 ஆகியவை அழைத்தவரின் பிழைகள். இவற்றையும் தோல்வியாக எண்ணினால், இல்லாத முகவரிகளைத் தேடி அலையும் ஒரே ஒரு தானியங்கி நிரல், நலமான ஒரு சேவையை எல்லாப் பயனர்களுக்கும் துண்டித்துவிட முடியும். 429, “அளவு மீறிவிட்டாய், பொறு” என்ற பதில். அதை எண்ணுவதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதோடு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லும் தலைப்பு வரியும் (ஹெடர்) வந்திருந்தால் அந்த நேரத்தை மதித்து நடப்பதே முறை.

மந்தமான அழைப்புகளையும் எண்ண வேண்டும். ரெசிலியன்ஸ்4ஜேயில் அதற்கான வசதி இருக்கிறது. ஆனால் இயல்பு அமைப்பில், 60 வினாடிக்கு மேல் போனால்தான் அது ஓர் அழைப்பை மந்தம் என்று கருதும். ஒரு வலைப்பக்கத்துக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. அதை உங்கள் சேவையின் வழக்கமான பதில் நேரத்தையொட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பிரேக்கர் திறப்பதற்கு முன் சில தோல்விகளைப் பார்க்க வேண்டும்; ஒரு வினாடி டைம்அவுட் என்றால், முதல் தோல்வி தெரிவதற்கே ஒரு வினாடி ஆகும். வினாடிக்கு 100 கோரிக்கைகள் வரும் சர்வரில் அதற்குள் 100 த்ரெட்டுகள் மாட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, எந்த ஒரு சேவைக்காகவும் ஒரே நேரத்தில் இத்தனை த்ரெட்டுகளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்ற தனி வரம்பும் வேண்டும். ஓர் அறையில் புகுந்த நீர் மற்ற அறைகளுக்குப் பரவாதபடி கப்பலின் அடிப்பகுதியைத் தடுப்புச் சுவர்களால் பிரிப்பார்கள். அதனால் இதற்கு பல்க்ஹெட் என்று பெயர். ஹிஸ்ட்ரிக்ஸ் ஒவ்வொரு த்ரெட் தொகுப்புக்கும் இயல்பாக 10 த்ரெட்டுகளையே ஒதுக்கியது. பிரேக்கர் விழித்துக்கொள்ளும்வரை சர்வரைத் தாங்கிப் பிடிப்பது இந்த வரம்புதான்.

துண்டித்தபின் பயனருக்கு என்ன காட்டுவது?

இந்தக் கேள்விக்கு நூலகம் விடை தராது. தளத்தின் நோக்கத்தை அறிந்தவர்தான் தர வேண்டும். பரிந்துரைப் பட்டியல் என்றால் அந்தப் பகுதியையே காட்டாமல் விடலாம், அல்லது எல்லாருக்கும் பொதுவான ஒரு பட்டியலை முன்கூட்டியே சேமித்து வைத்திருந்து காட்டலாம். கருத்துகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு முந்தைய நகல் போதும். மின்னஞ்சல் அனுப்புவது போன்ற, உடனே முடிய வேண்டிய அவசியமில்லாத வேலையை வரிசையில் போட்டுவைத்துப் பிறகு அனுப்பலாம். ஆனால் பணம் செலுத்தும் சேவை துண்டிக்கப்பட்டிருக்கும்போது, செலுத்தியாயிற்று என்று பாவனை செய்ய எந்த வழியும் இல்லை. அங்கே “இப்போது பணம் செலுத்த இயலவில்லை, உங்கள் கூடை அப்படியே இருக்கிறது” என்று உடனே உண்மையைச் சொல்வதே மாற்று ஏற்பாடு. சுழலும் வட்டத்தை அரை நிமிடம் பார்த்துவிட்டுப் பிழையைப் பெறுவதைவிட இந்த நேர்மையான பதில் பயனருக்கு எவ்வளவோ மேல்.

மாற்று ஏற்பாடு இன்னொரு சேவையை அழைப்பதாக இருந்தால் எச்சரிக்கை தேவை. வழக்கமாக யாரும் அழைக்காத அந்தச் சேவையின் மேல் முழுச் சுமையும் திடீரென்று விழும். எப்போதோ ஒருமுறை ஓடும் நிரல்பகுதியில்தான் யாரும் கவனிக்காத பிழைகள் ஒளிந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

மறுமுயற்சிகளோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது, சுற்று திறந்திருப்பதால் வந்த பிழைக்கு மறுமுயற்சி செய்யாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாது என்று பிரேக்கர் சொன்னபிறகு மூன்று முறை கேட்பதில் பயனில்லை.

பிரேக்கரை எங்கே, எத்தனை வைப்பது

அழைக்கப்படும் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிப் பிரேக்கர் வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றை வைத்தால், பரிந்துரை விழுந்ததற்காக விலையும் துண்டிக்கப்படும். சில நேரம் அதுவும் போதாது. ஒரு சேவையின் தரவு 10 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றில் ஒன்று மட்டும் பழுதாகியிருந்தால், மொத்தத் தோல்வி சுமார் 10 சதவீதமே இருக்கும். 50 சதவீத விதி அதைக் காணாது. விதியை 5 சதவீதமாக்கினாலோ, நலமாக இருக்கும் ஒன்பது பகுதிகளின் பயனர்களும் சேர்த்துத் துண்டிக்கப்படுவார்கள். இப்படிப்பட்ட சேவைகளுக்குப் பகுதிவாரியாகப் பிரேக்கர் வைப்பது நல்லது. அது முடியாவிட்டால் டைம்அவுட்டையும் த்ரெட் வரம்பையும் மட்டும் நம்பியிருப்பதே மேல் என்று நான் கருதுகிறேன்.

நம் சர்வர்கள் அனைத்தும் ஒரே பிரேக்கர் நிலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. அந்த நிலையை ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பகம் போன்ற பொதுவான ஓரிடத்தில் வைத்தால், பழுதைத் தாங்குவதற்காகச் செய்த ஏற்பாடே பழுதாகக்கூடிய இன்னொரு சேவையை நம்பி நிற்கும். ஒவ்வொரு சர்வரும் தன் கண்ணால் கண்டதை வைத்துத் தானே முடிவெடுப்பது பெரும்பாலும் போதுமானது.

நிரலைத் தொடாமல், சேவைகளுக்கு இடையே நின்று அழைப்புகளைக் கடத்திவிடும் ப்ராக்ஸி அடுக்கிலும் இதைச் செய்யலாம். அங்கே பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு: என்வாய் ப்ராக்ஸியில் சர்க்கியூட் பிரேக்கிங் என்று அழைக்கப்படுவது ஒரே நேரத்திய இணைப்புகளுக்கும் கோரிக்கைகளுக்குமான உச்சவரம்புதான், அவற்றின் இயல்பு மதிப்பு 1,024. நாம் இதுவரை பேசியதற்கு நெருக்கமானது அதில் அவுட்லையர் டிடெக்ஷன் என்ற வேறு பெயரில் இருக்கிறது: தொடர்ந்து ஐந்து முறை 500 வரிசைப் பிழை தரும் சர்வரை முதல் முறை 30 வினாடிகளுக்கு அது ஒதுக்கிவைக்கும்.

சுற்று திறந்ததும் மூடியதும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். திறந்தே கிடந்தால் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை போக வேண்டும். மாற்று ஏற்பாடு நன்றாக அமைந்துவிட்டால் பக்கம் நலமாகவே தெரியும். பரிந்துரைச் சேவை மூன்று நாளாக இயங்கவில்லை என்பதை யாரும் அறியாமலே இருந்துவிடலாம்.

பிரேக்கரைப் பொருத்தியபின் சோதனை செய்பவர்கள், வழக்கமாகச் செய்வது பரிந்துரைச் சேவையை நிறுத்திப் பார்ப்பதுதான். இணைப்பு உடனே மறுக்கப்படும், பிரேக்கர் திறக்கும், எல்லாம் சரியென்று தோன்றும். அந்தச் சோதனையில் டைம்அவுட்டும் மந்த அழைப்புகளின் கணக்கும் த்ரெட் வரம்பும் ஒருமுறைகூட வேலை செய்திருக்காது. சேவையை ஓடவிட்டு, அதன் ஒவ்வொரு பதிலுக்கும் முன் 30 வினாடித் தாமதத்தைச் சேர்த்து, வழக்கமான அளவு கோரிக்கைகளை அனுப்பியபடி, பரிந்துரைக்குத் தொடர்பே இல்லாத உள்நுழைவுப் பக்கம் எவ்வளவு நேரத்தில் திறக்கிறது என்று அளந்து பாருங்கள்.